தைலம்மாளின் முதல் பந்தி

தைலம்மாளுக்கு நாக்கு நீளம் என்று ஊரில் பேசுவார்கள். பேசிவிட்டுப் போகட்டும். அதே ஊரில் பிரியாணி தின்பதற்காகவே ஆம்பூர் வரைக்கும் பஸ் ஏறிப் போய்வருகிற ஆம்பளைகள் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து, 'ருசி தெரிஞ்ச மனுஷன்யா' என்று சிலாகிக்கிறோம். ஒரு பொம்பளை, குழம்பில் புளி தூக்கலாக இருக்கிறதே என்று வாயைத் திறந்து சொல்லிவிட்டால் மட்டும் அவளுக்கு நாக்கு ஒரு முழம் நீண்டுவிடுகிறது. இது எந்த ஊர் நியாயம் என்று கேட்காதீர்கள். எல்லா ஊரிலும் இதுதான் நியாயமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

தியாகதுருகத்துக்குப் பக்கத்தில் ஒரு கூலிக்காரக் குடும்பத்தில் பிறந்தவள் தைலம்மாள். அவள் நைனாவுக்குச் சொந்தமாக ஒரு கைப்பிடி மண் கிடையாது. ஆனால் அந்தக் கூரை வீட்டில் எது எப்போது ருசிக்கும் என்கிற கணக்கு எல்லோருக்கும் அத்துப்படி. நடவு நடுகிற காலத்தில் வரப்பு வளைக்குள் கைவிட்டு நண்டு பிடித்து, அம்மியில் நசுக்கி, மிளகு சீரகம் தட்டிப் போட்டு ரசம் வைப்பார்கள். மழை விட்ட சாயங்காலம் ஈசல் பிடித்து, இறகு புடைத்து, பொரியரிசியோடு வறுப்பார்கள். இடி இடித்தால் மறுநாள் புற்றோரம் காளான் தேடிப் போவார்கள். மார்கழியில் பச்சை மொச்சையும் கருவாடும். புளியமரம் துளிர்த்தால் கொழுந்தைப் பறித்துத் துவையல். சட்டி இறங்கினதும் யார் கையில் தட்டு இருக்கிறதோ அவர்களுக்கு முதல் கரண்டி. ஆம்பளை, பொம்பளை, பெரியவர், சின்னவர் என்றெல்லாம் அங்கே யாரும் பார்த்ததில்லை.

அந்த வீட்டிலிருந்து அவளைக் கட்டிக்கொண்டு போனது கள்ளக்குறிச்சிக்குக் கிழக்கே இருந்த வீரமுத்துவின் வீடு. அப்போது கள்ளக்குறிச்சி தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. வீரமுத்து நல்லவன்தான், குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். ஆனால் அவன் வீட்டுக்கு அரைக் காணி நிலம் இருந்தது. அந்த அரைக் காணிக்கு அவன் அம்மா செல்லியம்மாள் பண்ணின பந்தாவைப் பார்த்தால் ஜமீன் தோற்றுப் போகும். 'நம்ப என்ன கூலிக்காரங்களா?' என்பதுதான் அவள் வாயில் முதலில் வருவது. மாமியார் இதைச் சொல்லும்போதெல்லாம் தைலம்மாள் பல்லைக் கடித்துக்கொள்வாள்.

கல்யாணமாகி வந்த வருஷமே நாத்தனார் பிள்ளைக்குக் காது குத்தினார்கள். தெருவில் பந்தல் போட்டு, கோரைப்பாய் விரித்து, இலை போட்டாயிற்று. வீரமுத்துவின் பெரியப்பா ஒருத்தர் நடுவில் நின்று, "வாங்க, எல்லாரும் வாங்க, பந்தி போட்டாச்சு" என்று கூப்பிட்டார். தைலம்மாளுக்கு நல்ல பசி. விடியலில் இருந்து இடுப்பொடிய வேலை. கூப்பிட்டார்களே என்று போய் ஓர் இலை முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

பாருங்கள், அவள் பண்ணின தப்பு அவ்வளவுதான். எல்லாரையும் கூப்பிட்டால் அதில் தானும் ஒருத்தி என்று நினைத்துக்கொண்டது.

சோறு போட்டார்கள். ஆவி பறந்தது. மேலே பருப்பு விட்டு நெய் ஊற்றினார்கள். அவியலுக்கும் உருளைக்கிழங்குக்கும் நடுவே ஒரு வடை. அப்பளம் இன்னும் எண்ணெய் மினுமினுப்போடு இருந்தது. தைலம்மாள் சோற்றில் கை வைக்கப் போனாள். பின்னாலிருந்து செல்லியம்மாளின் கை வந்து அவள் மேற்கையைப் பிடித்து ஒரே தூக்காகத் தூக்கியது.

"வந்தவங்க துன்றதுக்கு முன்னாடி உனக்கு இன்னாடி அவசரம்? கூலிக்கார வூட்டு புத்தி போவுதா பாரு!"

பந்தியே திரும்பிப் பார்த்தது. யாரோ சிரித்தார்கள். அந்த இலையில் ஒரு தாடிக்கார மாமாவை உட்கார வைத்தார்கள். அவருக்கு அவியலே பிடிக்காதாம், ஓரமாக ஒதுக்கிவிட்டு எழுந்து போனார். தைலம்மாளுக்குக் கடைசிப் பந்தியில் கிடைத்தது ஆறிப்போன சோறும் அண்டா அடியில் மிஞ்சிய ரசமண்டியும். அதையும் அவள் தின்றாள். பசி வெட்கம் பார்க்காது அல்லவா? ஆனால் அந்தச் சூடான இலையை அவள் மறக்கவில்லை. 'ஒருநாள் இல்ல ஒருநாள் முதல் பந்தியில உக்காந்து, சூடா, ஆரம்பத்துல இருந்து பாயசம் வரைக்கும் துன்னுட்டுதான் எழுந்திருப்பேன்' என்று அன்றைக்கே மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

முடிச்சுப் போட்டு என்ன பிரயோஜனம்? வருஷம் ஓடியது. அம்சவள்ளி பிறந்தாள். அரைக் காணியில் என்ன விளைந்துவிடும்? புளி காலத்தில் குத்தகைக்காரர் ஜீப் அனுப்பி, மலைக்குப் பொம்பளைகளைக் கூலிக்குக் கூட்டிப்போவார். 'நம்ப என்ன கூலிக்காரங்களா' என்று கேட்ட அதே செல்லியம்மாள், மருமகளை அந்த ஜீப்பில் ஏற்றிவிட்டாள். கூலி வாங்கும்போது மட்டும் கௌரவம் எங்கே போய் ஒளிந்துகொள்ளுமோ தெரியவில்லை.

கரியாலூர்ப் பக்கம் சாலம்மாள் என்கிற மலைக்காரப் பொம்பளையின் வீட்டு வாசலில்தான் இவர்களுக்குத் தங்கல். பகலெல்லாம் புளி பொறுக்கிவிட்டு வந்தால் சாலம்மாள் உரலில் சாமை குத்திக்கொண்டிருப்பாள். தைலம்மாளும் ஒரு உலக்கை எடுத்துக்கொள்வாள். புடைத்து, களைந்து, மண்சட்டியில் பொங்கினால் அந்தச் சோறு மணி மணியாக உதிரும். அதற்கு மொச்சையும் கத்தரிக்காயும் போட்டுக் காரக் குழம்பு. நெல்லுச்சோறுதான் சோறு என்று நினைத்திருந்த தைலம்மாள் முதல் வாயிலேயே அசந்துபோனாள். 'அடியம்மா, இம்மாம் நாளா இத வுட்டுட்டோமே' என்று வாய்விட்டே சொன்னாள்.

ஆனால் சோற்றைவிட இன்னொன்றுதான் அவளைத் திடுக்கிட வைத்தது. சாலம்மாள் தனக்கு ஒரு தட்டு, தைலம்மாளுக்கு ஒரு தட்டு போட்டு, தன் பாட்டுக்கு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

"யக்கா, உங்க வூட்டுக்காரரு இன்னும் வரலியே?" என்று தைலம்மாள் கேட்டாள்.

"கெழங்குக் காட்டுல இருக்காரு. வந்தா போட்டுத் திம்பாரு."

"அவுருக்கு முன்னாடி நீ துன்னலாமா?"

சாலம்மாள் அவளை விநோதமாகப் பார்த்தாள். "பசிக்கிறது எனக்கு. அவுரு வர்ற வரைக்கும் அது ஒக்காந்துகினு இருக்குமா?"

அன்றைக்குத் தைலம்மாளுக்குத் தூக்கம் வரவில்லை. வந்தது சந்தோஷமா கோபமா என்றால், கோபம்தான். மலை ஏறி வந்தால் இவ்வளவு சுலபமாக இருக்கிற ஒன்றைக் கீழே என்னமோ சாமி குத்தம் மாதிரி ஆக்கி வைத்திருக்கிறார்களே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

சாலம்மாளிடம் சாமைப் பாயசமும் கற்றுக்கொண்டாள். சாமையை வாசம் வர வறுத்து, குழைய வேகவிட்டு, அப்புறம்தான் வெல்லத்தைக் கரைத்து ஊற்ற வேண்டும். இறக்கின பிறகு கொஞ்சம் மலைத்தேன். ஒரு பை சாமையோடு வீட்டுக்கு வந்து வைத்தாள். வீரமுத்து கேட்டுக் கேட்டு வாங்கிக் குடித்தான். மாமனார் தம்ளரை நக்காத குறை. வைத்தவளுக்கு மிச்சம், சட்டியில் அடிப்பிடித்தது. கூடவே உட்கார்ந்து செல்லியம்மாளும் அதைத்தான் சுரண்டித் தின்றாள். அதுதான் தைலம்மாளுக்கு இன்னும் எரிச்சல். தனக்கும் இல்லை, எனக்கும் இல்லை, அப்புறம் யாருக்காக இந்தக் கிழவி காவல் காக்கிறாள்?

அம்சவள்ளி வளர்ந்து, படிப்புச் செலவு கழுத்தை நெரித்தபோது தைலம்மாள் குவைத்துக்குப் போனாள். வீட்டு வேலை, சமையல். 'பொம்பளைய அனுப்பிட்டு வூட்ல குந்திக்கினு இருக்கான்' என்று வீரமுத்துவை ஊர் கேலி பண்ணியது. போகாதே என்று யாரும் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அங்கே அவளுக்கு ஒரு புது உலகம் திறந்தது. மச்பூஸ் என்று ஒரு சோறு. கறியை வேகவைத்த தண்ணீரிலேயே அரிசியை வேகவிட்டு, பட்டை, ஏலக்காய், அப்புறம் லூமி என்று காய்ந்து கறுத்த எலுமிச்சை போட்டுச் செய்கிறார்கள். அந்த லூமியை உடைத்து மோந்து பார்த்தாள் தைலம்மாள். உப்பில் போட்டு வெயிலில் உலர்த்தின நார்த்தங்காயின் வாசம்! வேற்று நாட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரே மாசத்தில் அந்த வீட்டுக்காரம்மாவே அசந்துபோகிற மாதிரி மச்பூஸ் பண்ணினாள்.

பண்ணி என்ன? பெரிய தாம்பாளத்தில் கொட்டி, வீட்டுக்காரர்கள் வட்டமாக உட்கார்ந்து தின்று முடித்த பிறகு, கொழுப்பு உறைந்துபோன மிச்சம்தான் சமையற்கட்டுக்குத் திரும்பி வரும். 'அடச்சே, கடலைத் தாண்டி வந்தும் கடைசிப் பந்திதானா!' என்று தைலம்மாள் தமிழிலேயே சத்தம் போட்டுத் திட்டினாள்.

அதைக் கேட்டு, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அல்மாஸ் சிரித்தாள். எத்தியோப்பியாக்காரி. திட்டு எந்தப் பாஷையில் இருந்தாலும் புரியும் போலிருக்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக்காரர்கள் வெளியே போயிருந்தார்கள். அல்மாஸ் முந்தின நாளே ஒரு வாளியில் மாவு கரைத்துப் புளிக்கவிட்டிருந்தாள். தைலம்மாள் எட்டிப் பார்த்தாள். அல்மாஸ் பையில் மிச்சம் வைத்திருந்த தானியம் சாமையைவிடப் பொடிசு, கரைத்த மாவின் நிறம் கேவுரு மாவு மாதிரி. அகலமான கல்லில் சுற்றி ஊற்றினதும் கண் கண்ணாகப் பொங்கியது. "ஐயே, தோசை!" என்று கத்தினாள் தைலம்மாள். "இஞ்செரா" என்றாள் அல்மாஸ். "இன்னாவோ ஒண்ணு, திருப்பாம சுட்ட தோசைதான் இது" என்று தைலம்மாள் அடித்துச் சொல்லிவிட்டாள். அதன் மேல் மிளகாய்ப்பொடி போட்டு வதக்கிய பருப்பைக் கொட்டி, ஒரே தட்டை இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தாள் அல்மாஸ்.

ஒரு துண்டு கிழித்து, பருப்பை வைத்துச் சுருட்டி, தன் வாய்க்குக் கொண்டுபோகாமல் தைலம்மாள் வாய்க்கு நேரே நீட்டினாள். தைலம்மாள் பின்னால் நகர்ந்தாள். ஊட்டுகிறதுக்கு நான் என்ன கைக்குழந்தையா? அல்மாஸ் விடவில்லை. அரைகுறை அரபியில் சொன்னாள்: எங்கள் ஊரில் யாரை மதிக்கிறோமோ அவர்களுக்கு முதல் வாயை நாங்கள் கையால் ஊட்டுவோம். இதற்கு குர்ஷா என்று பேர். மறுக்கக் கூடாது.

தைலம்மாள் வாயைத் திறந்தாள். புளிப்பும் காரமும் சூடும் ஒன்றாக இறங்கியது. கல்யாணமான நாளில் இருந்து அவளுக்கு யாரும் முதல் வாய் கொடுத்ததில்லை. கண்ணில் தண்ணீர் வந்ததைக் காரத்தின் மேல் பழி போட்டுவிட்டு, ஒரு துண்டைக் கிழித்து அல்மாஸுக்கு ஊட்டினாள்.

அவள் திரும்பி வந்தபோது மாவட்டம் பிரிந்து விழுப்புரம் ஆகி ரொம்ப நாளாகியிருந்தது. மாவட்டம் மாறியது, பந்தி மாறவில்லை. அம்சவள்ளிக்கு வரன் வந்தது. பையன் தியாகதுருகத்தில் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தான், தன்மையானவன். அப்பா இல்லை. பேச்செல்லாம் சித்தப்பா சுப்புராயன்தான். பெண் பார்க்க வந்த அன்று அவர் நடுக்கூடத்தில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையின் அம்மா அமிர்தம் கதவோரமாக, தரையில். தாலி இழந்தவள் முன்னால் வரக் கூடாதாம். பையனைப் பெற்று, புருஷன் போன பிறகு களை எடுத்து வளர்த்தது அவள். வெற்றிலைத்தட்டுக்கு முன்னால் உட்காருவது சுப்புராயன்.

"முதல் பந்தி மாப்ள வூட்டுக்குதான். கவனிப்புல ரவ கூட கொறை இருக்கக் கூடாது" என்றார் சுப்புராயன்.

"ஐயோ, சரிங்க, சரிங்க" என்றான் வீரமுத்து.

அவர்கள் போனதும் தைலம்மாள் புருஷனிடம் சொல்லிவிட்டாள். "என் சம்பாத்தியத்துல நடக்குற கல்யாணம். இன்னா சமைக்கணும்னு நான்தான் சொல்லுவேன். முதல் பந்தியில நானும் உக்காருவேன்."

வீரமுத்து சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "சும்மா இரும்மே. பொண்ணு வூட்டுக்காரங்க பந்தி விசாரிக்கணும். கடைசியில துன்னா போச்சு."

"கடைசியில துன்னது போதும்."

முந்தின நாள் அம்சவள்ளியே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "எம்மா, நாளைக்கு ஒருநாள் வுட்டுடும்மா. அவுங்க ஒரு மாதிரி ஆளுங்க." மகள் வாயிலிருந்து இது வந்ததுதான் தைலம்மாளுக்குச் சுருக்கென்றது. கையை விடுவித்துக்கொண்டு மண்டபத்துச் சமையல்கட்டுக்குப் போய்விட்டாள்.

சமையல் மாஸ்டரோடு அங்கே வேறு சண்டை. பெட்டியில் பத்திரமாகக் கொண்டுவந்த லூமியை எடுத்துக் கொடுத்தால் அவர் உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். "இன்னாமா இது, ஆட்டுப் புழுக்கை கணக்கா கீது? பேசாம பிரிஞ்சி போட்டுடலாம்." கறி இல்லாமல், காய் போட்ட மச்பூஸ்தான் வேண்டும் என்று தைலம்மாள் நின்ற இடத்தில் நின்றாள். சாமைச் சோறு, மொச்சைக் காரக்குழம்பு, சாமைப் பாயசம், நார்த்தங்காய் ஊறுகாய். கூடவே ஊருக்காக சாம்பார், ரசம், வடை. லூமி கொதிக்க ஆரம்பித்து வாசம் கிளம்பினதும் மாஸ்டரே மூடியைத் திறந்து திறந்து பார்த்தார். ஒப்புக்கொள்ளத்தான் வாய் வரவில்லை.

முகூர்த்தம் முடிந்தது. தாலி ஏறும்போது அமிர்தத்தைக் காணோம். தைலம்மாள் தேடிப் போனால், மாடிப்படிக்குக் கீழே பாத்திரம் போட்டு வைத்திருக்கிற அறையில், ஒரு காலி அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "காபி குடிச்சீங்களா சம்மந்தி?" என்றதற்கு, "அப்புறம் ஆவட்டும்ங்க" என்றாள். விடிகாலையில் வந்தவள். இன்னும் பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. பெற்ற பிள்ளையின் கல்யாணத்துக்கு மேளச் சத்தம் மட்டும்தான் அவளுக்குப் பங்கு.

சாப்பாட்டுக் கூடத்தில் இலை போட்டார்கள். மாப்பிள்ளை வீட்டு ஆம்பளைகள் வரிசையாக உட்கார்ந்தார்கள். சுப்புராயன் நடு இலையில், தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு. அவருக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுத் தைலம்மாள் உட்கார்ந்தாள்.

பரிமாறுகிறவர்கள் அவள் கட்டியிருந்த பட்டுச்சேலையைப் பார்த்து, மாப்பிள்ளை வீட்டு அத்தையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள். பெண்ணின் அம்மா முதல் பந்தியில் உட்காருவாள் என்று அவர்களுக்குக் கனவிலும் தோன்றியிருக்காது. மளமளவென்று பரிமாறினார்கள். மச்பூஸ் சோறு ஆவி பறக்க விழுந்தது. சாமைச் சோற்றுக்குப் பக்கத்தில் மொச்சைக் குழம்பு. வடை, அப்பளம், அவியல். நெய் வருகிறது, வந்ததும் எல்லோரும் கை வைக்கலாம்.

சுப்புராயன் திரும்பிப் பார்த்தார். முகம் கறுத்தது.

"இன்னாது இது? பந்தி விசாரிக்க வேண்டியவங்க பந்தியில குந்திக்கினு இருந்தா, எங்கள யாரு கவனிக்கிறது?"

"எல்லாம் கவனிச்சாச்சுங்க. சூடா கீது, சாப்பிடுங்க" என்றாள் தைலம்மாள்.

"பொண்ணு வூட்டுப் பொம்பளைகூட சரிசமமா உக்காந்து துன்றதுக்கா நாங்க வந்தோம்? எழுந்திருங்கடா எல்லாரும்!"

சுப்புராயன் எழுந்தார். வரிசையில் பாதிப் பேர் எழுந்தார்கள், மீதிப் பேர் எழலாமா வேண்டாமா என்று மச்பூஸைப் பார்த்தார்கள். வீரமுத்து கையைக் கூப்பிக்கொண்டு ஓடி வந்தான். "மே, எழுந்துடும்மே, மானத்த வாங்காத." அவனுக்குப் பின்னால் செல்லியம்மாள். தள்ளாத வயசு. ஆனாலும் அந்தக் கை நேராக வந்து தைலம்மாளின் அதே மேற்கையைப் பிடித்தது.

"எழுந்திருடி! அன்னிக்குச் சொன்னதுதான் இன்னிக்கும்."

இழுத்துப் பார்த்தாள். கை வரவில்லை. வாசலில் அம்சவள்ளி மாலையும் கழுத்துமாக நின்று, வேண்டாம்மா என்பதுபோல் தலையை ஆட்டினாள். தைலம்மாள் தன் இலையைப் பார்த்தாள். எழுந்துவிட்டால் ஒரு நிமிஷத்தில் எல்லாம் சரியாகிவிடும். கடைசியில் தின்று பழகினவள்தானே. ஆனால் இன்றைக்கு இவளை எழுப்பினவர்கள் நாளைக்கு யாரை எழுப்புவார்கள்?

"நான் எழுந்திருக்க மாட்டேன்" என்றாள். குரல் கூடம் முழுக்கக் கேட்டது. "இன்னிக்கு நான் எழுந்தேன்னா நாளைக்கு உங்க வூட்ல எம் பொண்ணு தட்டுல கை வைக்கும்போது இதே மாதிரி இஸ்து எழுப்புவீங்க. எழுப்பிப் பாருங்க!"

சுப்புராயனுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "ஆமா, எழுப்புவோம்! எங்க வூட்டு வழக்கம் அது. எங்க அண்ணி, மாப்ளயப் பெத்தவங்க, அவுங்களே இன்னும் ஒரு வாய் சாப்பிடலை. தெரியுமா உனக்கு?"

பெருமையாகச் சொன்னார் ஐயா. அதைப் பெருமையாகச் சொன்னார்!

தைலம்மாள் சட்டென்று எழுந்தாள். வீரமுத்துவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்படிச் சொல்லு" என்றாள் செல்லியம்மாள். பரிமாறுகிறவர் ஒருத்தர் இலையை எடுக்கக் குனிந்தார்.

"அதுல கை வச்ச, கைய ஒடிச்சுடுவேன்!"

அவர் பின்வாங்கினார். தைலம்மாள் விறுவிறுவென்று வெளியே போனாள். திரும்பி வரும்போது அமிர்தத்தின் மணிக்கட்டு அவள் பிடியில் இருந்தது. அமிர்தம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "வேணாம் சம்மந்தி, வேணாம் சம்மந்தி" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். தைலம்மாள் அவளைக் கொண்டுவந்து சுப்புராயன் எழுந்து போன நாற்காலியில் உட்கார வைத்தாள். கை படாத இலை, எல்லாம் பரிமாறித் தயாராக இருந்தது.

"இவுங்க மாப்ள வூடு இல்லியா?" என்று கூடத்தைப் பார்த்துக் கேட்டாள். "மாப்ள வூட்டுக்கு முதல் பந்தின்னு நீங்கதான சொன்னீங்க? இவுங்களவிட மாப்ளைக்கு யாரு வேணும்?"

மாப்பிள்ளை மணையிலிருந்து எழுந்து வந்து அம்சவள்ளிக்குப் பக்கத்தில் நின்று தன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தைலம்மாள் தன் இடத்தில் உட்கார்ந்தாள். தன் இலையில் கை வைத்தாள். அத்தனை வருஷமாக முடிச்சுப் போட்டு வைத்திருந்த சூடான சோறு. மொச்சைக் குழம்பில் ஒரு கவளம் பிசைந்தாள், உருட்டினாள். தன் வாய்க்கு அதைக் கொண்டுபோகவில்லை. பக்கத்தில் திரும்பி, அமிர்தத்தின் வாய்க்கு நேராக நீட்டினாள்.

"வாயத் தொறங்க சம்மந்தி. மறுக்கக் கூடாது."

அமிர்தம் கூடத்தைப் பார்த்தாள், கொழுந்தனைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். கவளம் உள்ளே போனதும் மெல்லக்கூட மறந்து அப்படியே வைத்திருந்தாள்.

"இன்னாங்க, காரமா?"

"இல்லிங்க சம்மந்தி" என்றாள் அமிர்தம். கண் ரெண்டும் நிறைந்திருந்தது. "சுடுதுங்க."

சுப்புராயன் குனிந்து, தாழ்ந்த குரலில், "அண்ணி, நல்லா இல்ல, எழுந்துடுங்க. நாலு பேரு பாக்குறாங்க" என்றார்.

அமிர்தம் மென்று விழுங்கினாள். மச்பூஸ் சோற்றில் தானே கை வைத்தாள். வைத்த கையை எடுக்காமல், அவரை நிமிர்ந்தும் பார்க்காமல் சொன்னாள்.

"அடுத்த பந்தியில உக்காருங்க தம்பி."